கோழிக்காலுக்குக் கீழே ஒரு கிண்ணம் களி

எங்கள் மதுக்கரையில் ஒருவரை நாசமாய்ப் போகச் சொல்வதென்றாலும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். எதிர்வீட்டுச் செவ்வந்தி என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

"ஏனுங்க பெரியவரே, நாசமாப் போயிருவீங்க, பார்த்துக்குங்க."

"சரிங்க அம்மணி," என்றேன்.

காரணம், என் மொட்டைமாடியில் நின்ற விளம்பரப் பலகை. ஒரு கோழி வறுவல் கம்பெனிக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். படத்திலிருந்த கோழிக்கால் டவுன் பஸ் நீளம். வாளையார் மலையிலிருந்து ஒரு கழுகு வந்து இரண்டு நாள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தூக்க முடியாது என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தே திரும்பிப் போனது. மூன்று தெரு நாய்களும் என் கேட்டுக்கு முன்னால் ரேஷன் வரிசை மாதிரி உட்கார்ந்திருந்தன.

செவ்வந்தி வீட்டில் சைவம். மகள் ஹர்ஷிணிக்கு நாலரை வயது. ராகிக் களி, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, சந்தவை என்று பார்த்துப் பார்த்து வளர்த்தாள். டிவியை விற்றாள். செல்போனை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். கடைவீதியில் குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டே நடந்தாள். இத்தனையும் செய்துவிட்டு வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே என் கோழிக்கால்.

பத்தே நாளில் குழந்தை தட்டைத் தள்ளிவிட்டது. போர்டில் இருப்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்காதாம். எடை ஒரு கிலோ இறங்கியது. மாசக் கடைசிக்குள் அது ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"ஜன்னலச் சாத்தி வைங்க," என்றேன்.

"சாத்துனா வாசல்ல வந்து நின்னு பாக்குதுங்க. நீங்க போர்டக் கழட்டுங்க."

"மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுங்க. என்ற ஊடு, என்ற மாடி."

"அப்படிங்களா? அப்ப நான் ஆனைமலை போய் மொளகா அரைச்சுப்போட்டு வாரேனுங்க."

அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி, ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூசினால் செய்தவனுக்கு எரியும். நியாயம் கிடைத்த பிறகு, பூசியவரே போய் எண்ணெய்க்காப்பு செய்து அம்மனைக் குளிரவைக்க வேண்டும். அதுவரை எரியும்.

செவ்வந்தி போய் அரைத்தாள். ஆத்தா வீடு மாறிப் போய்விடக் கூடாதே என்று என் கதவு எண், பின்கோடு எல்லாம் சொன்னாளாம். திரும்பி வந்ததும் எனக்கே குங்குமம் கொடுத்தாள். வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன். பகைக்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா.

மறுநாள் காலை இட்லி எரிந்தது. தயிர் எரிந்தது. பச்சைத் தண்ணீர் குடித்தால் காதில் புகை வந்தது. அந்தப் புகையில் பழனியாத்தாள் கொசு விரட்டிக்கொண்டாள். என் வீட்டுக்காரிதான், ஆனால் எதிர்க்கட்சி.

"உங்களுக்கு வேணுமுங்க," என்று சொல்லி, ராகிக் களியில் மோரை ஊற்றிக் கிண்ணத்தை நீட்டினாள். அது ஒன்றுதான் எரியாமல் இறங்கியது.

நான் களி தின்பதைத் தெருவில் யாரும் பார்க்கக் கூடாதென்று மாடிக்குப் போய், பலகையின் இரும்புக் காலடியில் உட்கார்ந்து தின்றேன். ஊரே அண்ணாந்து பார்க்கிற இடம் அதுதான் என்பது அவசரத்தில் மறந்துவிட்டது.

எதிர் ஜன்னலிலிருந்து குழந்தை கத்தியது. "அம்மா, போர்டுல ஒரு தாத்தா வந்திருக்காரு! அவரு திங்கறது எனக்கு வேணும்!"

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளாகக் குழந்தை தள்ளிவிட்ட அதே களி. ஒரு கிண்ணம் வைத்தாள். வழித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் என் மாடிப்படியில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்தாளாக்கும் என்று நினைத்தேன்.

"மத்தியானமும் இங்கயே உக்காருங்க."

"மொதல்ல ஆனைமலை போய் எண்ணெய ஊத்திப்போட்டு வாங்க அம்மணி. எரியுது."

"எம்புள்ளைக்கு ஒரு கிலோ ஏறட்டுமுங்க."

"அதுவரைக்கும்?"

"எரியட்டுமுங்க."

மூன்று வேளையும் ஏறினேன். கிண்ணத்தை உயர்த்து, இந்தப் பக்கம் திரும்பு என்று எதிர் ஜன்னலிலிருந்து ஜாடை காட்டுவாள். இரண்டாவது வாரம் பயறு, மூன்றாவது வாரம் கீரை. கழுகு மறுபடியும் வந்தது. கோழிக்காலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் கீரையைக் கொத்திக்கொண்டு போனது. இப்போது வாளையாரில் அது சைவம் என்கிறார்கள்.

மாசக் கடைசியில் எடை பார்த்தார்கள். ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது. செவ்வந்தி எண்ணெய்ப் பாட்டிலோடு ஆனைமலைக்குக் கிளம்பி வாசலில் இறங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஆட்கள் என் மாடியில் ஏறி, கோழிக்காலை உரித்துவிட்டுப் புதுப் படத்தைக் கட்டினார்கள். கம்பெனியின் புதுச் சரக்கு, சாக்லேட் ஐஸ்கிரீம். மூன்றடுக்கு.

செவ்வந்தி அண்ணாந்து பார்த்தாள். பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"நாளைக்குப் பாவக்காய்ங்க. கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியாத் தின்னுங்க, பெரியவரே. நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா புள்ள பாதியில எந்திரிச்சுருது."