முன்கண்ணாடிக்குப் பத்துப் புள்ளி

மட்டக்களப்பு வாவிக்கரை மைதானத்தில் பழைய கார்களுக்கான போட்டி. நடுவர்களில் ஒருவரான உதயரூபன், ஊரில் கராஜ் வைத்திருப்பவர். அக்ரம் கொண்டு வந்திருந்த மொரிஸ் மைனருக்கு முன்னால் குனிந்தார். முன்கண்ணாடி அந்தக் காலத்துக் கொம்பனிக் கண்ணாடி என்றால் பத்துப் புள்ளி. அதேமாதிரிப் புதிதாகச் செய்தது என்றால் ஐந்துதான். மூலையிலிருந்த முத்திரை சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏதோ கீறல். எழுத்துப்போல, ஆனால் இடம்வலம் மாறி. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து வாசித்தார்.

'உதய'. கடைசி எழுத்து அரைகுறையாக நின்றது.

ஒன்பது வயதில், அப்பாவின் மொரிஸ் மைனரில், சாணைக்கல் துண்டால் அவரே கீறியது. முடிக்குமுன் அப்பா கையைப் பிடித்து முறுக்கிவிட்டார்.

அப்பா அந்தக் காரோடு காணாமல் போய் முப்பத்தைந்து வருடம். தொண்ணூறாம் ஆண்டு. அம்மா கேதீஸ்வரி மூன்று மாதம் அவரைத் தேடி இராணுவ முகாம் முகாமாக அலைந்தாள். பிறகுதான் அப்பாவின் கூட்டாளி வினாயகமூர்த்தி வந்து சொன்னார்: வழியில் சுட்டுவிட்டார்கள், முன்கண்ணாடி நொறுங்கி அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்ததைக் கண்ணால் கண்டேன் என்று. அம்மா அன்றோடு பொட்டை அழித்தாள்.

"இந்தக் கண்ணாடி எங்க எடுத்த நீங்க?"

"பழுகாமத்துக்கு அங்கால, வயல் வட்டை ஓரத்துப் பத்தைக் காட்டுக்குள்ள ஒரு கார் இத்துப்போய்க் கிடந்திச்சு சேர். அதக் கண்டு பத்துப் பன்னிரண்டு வருஷமாகுது. கண்ணாடியில மட்டும் ஒரு வெடிப்பும் இல்ல. கழட்டி எடுத்த நான். ஏன் சேர், அசல் இல்லயா?"

"காருக்குள்ள ஏதும்...?"

"ஒண்டுமில்ல. சீட்டெல்லாம் புல்லு."

"அசல்தான் தம்பி." பத்து என்று எழுதினார். மற்றக் கார்களைப் பார்க்க அவரால் முடியவில்லை. தாள்களைக் கூட இருந்த நடுவரிடம் கொடுத்துவிட்டு நேரே களுவாஞ்சிக்குடிக்குப் போனார்.

வினாயகமூர்த்தி சாய்கதிரையில் இருந்தார்.

"அப்பாட கார்க் கண்ணாடி உடையல்ல மாமா."

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்டும் காணல்ல மனே. கொம்மா ஏறாத முகாமில்ல. ரெண்டு தரம் வெருட்டி அனுப்பினவங்க. இன்னொருக்காப் போனா அவளையும் பிடிச்சு வெச்சிருப்பாங்க. நீ சின்னப் பொடியன். அவள வீட்ட இருத்த எனக்கு வேற வழி தெரியல்ல."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே!"

"ஒவ்வொரு திவசத்துக்கு வரக்குள்ளயும் நினைப்பன். படையலப் பார்த்தா வாய் வராது."

கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்து? இந்தப் பொய் இல்லாவிட்டால் அம்மாவும் இல்லாமல் போயிருக்கலாம். பொய்யால்தான் அப்பா கிடைக்காமலும் போயிருக்கலாம். இரண்டும் நெஞ்சுக்குள் ஒன்றையொன்று தள்ளின.

மூன்று நாள் அடக்கிவைத்தார். நாலாம் நாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டார்.

"அப்ப, நான் தேடுறத நிப்பாட்டக்குள்ள அவர் உயிரோட இருந்திருப்பாரா மனே?"

"தெரியாதம்மா."

அவள் வினாயகமூர்த்தியைத் திட்டவில்லை. அன்று சாப்பிடவுமில்லை. விடிந்ததும் அப்பாவின் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். "காணாமல் போனாக்களப் பதியிற இடத்துக்கு என்னைக் கூட்டிப் போ."

அங்கே விவரம் எழுதிய பிள்ளை, திகதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இவ்வளவு காலமும் ஏனம்மா வரல்ல?"

கேதீஸ்வரி மகனைப் பார்த்தாள். அவருக்கும் வாய் வரவில்லை.