மூன்று பவுன் வேகம்

அசன் மைதீன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஒலிக்கும் என்று அண்ணன் மாடக்கண்ணு சொல்லியிருந்தான். பதினொன்று இருபது ஆகியும் அது ஒலிக்கவில்லை. தேன்மொழி கூண்டின் கதவைப் பிடித்தபடி நின்றாள். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு அவள் சொல்ல வேண்டிய விடையும் ஓர் எண்தான்: நூற்று முப்பத்து மூன்று, அல்லது இருநூற்று முப்பத்து மூன்று.

"என்ன தங்கச்சி, பரீட்சைக்கு வந்த புள்ள மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கே? உக்காரு. ஒங்க அண்ணன் போன் வர்றதுக்குள்ள அவன் வேல பாக்கற கப்பலே வந்துரும் போலுக்கே," என்றார் அசன் மைதீன்.

அம்பாசமுத்திரத்தில் கணினியில் கட்டட வரைபடம் போடும் பெண் அவள் ஒருத்திதான். பாலிடெக்னிக்கில் முறையாகப் படித்தவள். அவள் வரைந்த வீடுகள் ஊரில் நாற்பதுக்கு மேல் எழுந்து நிற்கின்றன. அவற்றின் வரைபடங்களில் ஒப்பமிட்டவர்களோ கோடு ஒன்றைக்கூடத் தாங்களாக இழுக்காத ஆண்கள். பிறர் அலுவலகத்துப் பழைய கணினியில், அவர்களுக்கு வேண்டாத நேரங்களில், நான்கு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கூலியைப் பொங்கலுக்கு வந்த அண்ணனிடம் ஒரு மடிக்கணினிக்காகக் கொடுத்தனுப்பியிருந்தாள். இதற்கிடையே, சென்னை நிறுவனம் ஒன்று ஒரு மருத்துவமனையின் வரைபடத்தை ஆறு பிளாப்பிகளில் அனுப்பிவைத்தது. ஆவணி மாதக் கடைசிக்குள் திருத்தி அனுப்பினால், பிறகு மாதந்தோறும் வேலை உண்டு. இல்லையென்றால் வேறு ஆள். அந்த வரைபடத்தைத் திறந்தபோது பழைய கணினி இரண்டு முறை அப்படியே நின்றுபோயிற்று. மூன்றாம் முறை அது திறக்கத் தொடங்கியதும் மின்சாரம் நின்றுபோயிற்று. பாபநாசம் அணையில் பிறக்கும் மின்சாரம், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊருக்கு நாளுக்கு நான்கு முறை இல்லாமற்போவது எந்த நியாயம் என்று கேட்பார் இல்லை.

வண்ணார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் தானியேல், மடிக்கணினிக்குக் கிடைக்கும் அந்த இரண்டு மெகாஹெர்ட்ஸ் வேகங்களைப் பற்றி விளக்கமாகவே சொல்லியிருந்தான். "நூத்தி முப்பத்தி மூணுலயும் தொறக்கும்க்கா. என்ன, ஒவ்வொரு தடவ படத்தைத் திரும்ப வரையும்போதும் நீங்க ஒரு காப்பி போட்டுக் குடிச்சிட்டு வரலாம். இருநூத்தி முப்பத்தி மூணுன்னா, அடுப்பு பத்த வைக்கதுக்குள்ள முடிஞ்சிரும். இப்பமே யோசிச்சுக்கிடுங்க, லேப்டாப்புல ப்ராசஸரைப் பொறவு மாத்த முடியாது."

"பேட்டரி?"

"வேகம் கூடுனா அதுவும் கொஞ்சம் சீக்கிரமா தீரும். எல்லாம் ஒண்ணா கெடைக்குமாக்கா?"

வேகத்துக்கு நானூறு சிங்கப்பூர் வெள்ளி கூடுதல். அதைத் தானே போட்டுவிடுவதாக மாடக்கண்ணு சொன்னான். ஆனால் அது அவள் மகள் மாதுரியின் காதுகுத்துக்கு அவன் எடுக்கவிருந்த மூன்று பவுன் சங்கிலிக்கான பணம். இரண்டும் அவனால் ஆகாது. அழைப்பிதழில் தாய்மாமன் பெயர், பிள்ளையைப் பெற்றவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. மாமியார் இசக்கித்தாய், "மாமன் சிங்கப்பூர்லேந்து வாரான், சும்மாவா வருவான்?" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். கணவன் பெருமாள்ராஜோ, "அம்மைட்ட நான் எப்படிட்டி பேசுவேன்? ஒன் அண்ணன், ஒன் மிஷினு. நீயே முடிவெடு," என்று ஒதுங்கிக்கொண்டான். முடிவெடுக்கும் உரிமையைத் தந்ததாக அவன் நினைப்பு. பழி வந்தால் அதையும் சேர்த்தே அவள் தலையில் கட்டிவிட்டோம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

நான்கைந்து ஆண்டுகளில் எந்த வேகமும் பழசாகிவிடும், பொன் பழசாகாது. இது அவளுக்குத் தெரியும். ஆனால், அந்தச் சங்கிலி பீரோவுக்குள் கிடந்து ஆண்டுக்கு இருமுறை வெளிச்சம் பார்க்கும். ஆவணிக் கடைசியோ ஒரே ஒருமுறைதான் வரும். இவ்வளவையும் நிறுத்துப் பார்த்த பிறகும், கடைசியில் அவள் மனத்தில் வந்து நின்றது ஒரு வாழைத்தார். சிறுவயதில் அவளுக்குக் காது குத்தியபோது, அவளுடைய தாய்மாமன் பொன் எடுக்க வழியின்றி ஒரு வாழைத்தாரோடு வந்து நின்றார். அப்பா வீட்டார், அவர் சாகும்வரை ‘தார் மாமா’ என்றே அழைத்தார்கள். மாடக்கண்ணுக்கு அப்போது பத்து வயது. அந்தத் தாரைப் பேருந்து நிலையத்திலிருந்து தூக்கிவந்தவன் அவன்தான். இருந்தாலும் இந்த முறை கேலி வந்தால் அதைத் தானே ஏற்றுக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள்.

தொலைபேசி ஒலித்தது.

"சொல்லுட்டி. கடைக்குள்ளதான் நிக்கேன்."

"இருநூத்தி முப்பத்தி மூணே வாங்குண்ணே."

"யோசிச்சுத்தான் சொல்லுதியா? அப்போ சங்கிலி?"

"வேண்டாம். தட்டுல பழமும் துணியும் போதும். யாரும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

"நீ சொல்லுவ. அங்கன எல்லாரும் பாக்கப்போறது என் மூஞ்சியத்தானே." கடைக்காரன் ஏதோ கேட்பது இரைச்சலோடு கேட்டது. "சரி, வைக்கேன்."

அந்தச் ‘சரி’யை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

காதுகுத்தன்று பாபநாசத்தில், கோயில் மண்டபத்தில், மாதுரி மாமன் மடியில் உட்கார்ந்து கதறினாள். சீர்த்தட்டின் மேல் துணி விலகியபோது, பழங்களுக்கு நடுவே சங்கிலி மின்னியது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பெருமாள்ராஜின் முகம் மலர்ந்தது. தேன்மொழி அண்ணனை மட்டும் பார்த்தாள். அவன் குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆற்றுப் படித்துறையில் அவனைத் தனியே பிடித்தாள்.

"எந்த மிஷினுண்ணே வாங்குன?"

"நூத்தி முப்பத்தி மூணு. நல்லாத்தான் ஓடுது, கடக்காரன் போட்டுக் காட்டுனான்."

"நான் போன்ல என்ன சொன்னேன்?"

"கேட்டுச்சு தாயீ." அவன் படியில் கிடந்த ஈர இலையைக் காலால் தள்ளினான். "வாழத்தாரோட நிக்க என்னால ஆகலட்டி."

வீட்டுக்கு வந்ததும் இசக்கித்தாய் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "மூணு பவுனுக்குக் கொறையாது," என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்ததைத் தேன்மொழி அப்போது கொட்டிவிட்டாள். சென்னை வேலை, நானூறு வெள்ளி, ஆவணிக் கடைசி எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் கை அப்படியே நின்றது.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? ஒரு கவரிங் சங்கிலியப் போட்டு நிறுத்திருப்பேனே. அங்கன எவளும் ஒரசியா பாக்கப்போறா?"

"நீங்கதான தெரு பூராச் சொன்னீய அத்தே, மாமன் சும்மாவா வருவான்னு?"

"தெருவுக்குச் சொன்னேன். ஒனக்கா சொன்னேன்?"

இந்த ஒருத்திக்கு அஞ்சித்தான் கணவன் ஒதுங்கினான். இந்த ஒருத்தியின் முகத்தை நினைத்துத்தான் அண்ணன் சிங்கப்பூர்க் கடையில் வேகத்தைக் குறைத்தான். அவளிடம் கேட்கலாம் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இசக்கித்தாய் சங்கிலியை நீட்டினாள். "இதக் கொண்டு போட்டு, அத மாத்திக்கிட முடியாதா?"

"லேப்டாப்புல பொறவு மாத்த முடியாதுத்தே."

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஆவணி முடிய ஐந்து நாட்கள் இருந்தன. தேன்மொழி மடிக்கணினியைச் சன்னலோரம் வைத்து, மின்கலத்திலேயே மருத்துவமனையைத் திறந்தாள். வெளிச்சுவர் வந்தது. வெகுநேரம் கழித்துப் படிக்கட்டு வந்தது. பிறகு ஒவ்வொரு தூணாக, யாரோ அங்கே உண்மையாகவே கட்டிக்கொண்டிருப்பதைப் போல, கோடுகள் பைய எழுந்தன. காது வீங்கிய குழந்தை பாயில் சங்கிலியோடு தூங்கியது. இசக்கித்தாய் ஓசையில்லாமல் காப்பித் தம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் எம்புட்டு இருக்கு?"

திரையின் மூலையில் மின்கலக் குறி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை அறையின் மூன்று சுவர்கள் வந்துவிட்டன. கதவு வர வேண்டிய இடத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் விழுந்து நின்றது. தம்ளரில் காப்பியின் மேல் ஏடு படியத் தொடங்கியிருந்தது.