குளவிகளுக்கு மூன்று வாரம்

1

திருநின்றவூர் ரயில் நிலையத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி போட்ட சண்டையை ஒட்டுக்கேட்டுத் திருடிய கதை இது. எனக்கென்னவோ மெக்சிகோவில் ஆரம்பிக்கத்தான் ஆசை.

'விமான நிலையத்தின் குளிரறையில், உலகத்தின் தலைவிதியைச் சுமந்தபடி ஒரு பெட்டி…'

(வேண்டாம். அட்டைப்பெட்டி இவ்வளவு பில்டப் தாங்காது.)

2

அன்னம்மாளுக்கு மிச்சமிருப்பது அரை ஏக்கர் பப்பாளி. மற்ற நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அந்தப் பப்பாளியையும் வெள்ளை மாவாய் அப்பிக்கொள்ளும் மாவுப்பூச்சி பிடித்துக்கொண்டது. இந்த முறை காய் கெட்டால் இதையும் விற்றுவிடுவதென்று புருஷன் கலியமூர்த்தி முடிவாக இருக்கிறார்.

பூச்சிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. கடல் தாண்டி வந்தபோது தன் எதிரியான குளவியை* அங்கேயே விட்டுவிட்டு வந்தது. பிறகு நாடுகள் பேசி, கடிதம் எழுதி, சோதித்துப் பார்த்து, குளவியையும் வரவழைத்தார்கள்.

(* பயப்படாதீர்கள். கடுகைவிடச் சின்னது, கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், பொரியும் புழு அதைத் தின்றே வளரும்.)

3

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சௌம்யா பெட்டியோடு வந்தாள். (ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். விஞ்ஞானி என்றால் தப்பே செய்யாமல் இருந்துவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒன்றை மறக்கவைத்தேன்.) குளவி வளரும் மாவுப்பூச்சிகள் ஒட்டிய இலைகளை மரத்துக்கு மரம் கட்டினாள். அன்னம்மாளிடம் விளக்கினாள். கலியமூர்த்தியிடம் சொல்ல மறந்தாள்.

பூச்சி இலையைக் கண்டால் பிடுங்கி எரிப்பது அவர் வழக்கம். மறுநாள் காலையிலேயே பொறுப்பாக எரித்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற? அதுக்குள்ளதான்யா குளவி இருந்துச்சு!"

"எவனோ பூச்சி இலைய நம்ம மரத்துல கட்டிட்டுப் போய்கீறான்மே. பாத்துகினு சும்மா இருக்கச் சொல்றியா?"

எழுதும்போது எனக்கே வயிறு எரிந்தது. அத்தனை நாடுகளின் உழைப்பு பத்து நிமிடத்தில் சாம்பல்.

4

முடிவு ஒன்று: இன்னொரு பெட்டி வருகிறது, குளவி ஜெயிக்கிறது. (அரசு விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: புரோக்கர் மனைக்கல் நடுகிறார், அன்னம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமல்… (மனசு வரவில்லை.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஓரத்து மூன்று மரங்களில் கட்டிய இலைகள் கலியமூர்த்தி கண்ணில் படவில்லை.

"மூணு வாரம் எந்த மருந்தும் அடிக்காதீங்கய்யா. அடிச்சா குளவிதான் மொதல்ல சாகும்" என்றாள் சௌம்யா. அவர் தலையாட்டினார்.

அன்னம்மாள் அந்தத் தலையாட்டலை நம்பவில்லை. மருந்தடிக்கிற டேங்கைத் தூக்கிவந்து என்னிடம் கொடுத்தாள்.

"கதைக்குள்ளாற எங்கனா ஒளிச்சு வையி நைனா. அந்தாளு கேட்டா குடுத்துடாத."

எனக்கு இளகிய மனசு. இரண்டு முறை கெஞ்சினால் எடுத்து நீட்டிவிடுவேன். அதனால் டேங்கை உங்கள் வீட்டில் வைத்துவிட்டேன்.

இன்று பத்தாம் நாள். மரங்கள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. கலியமூர்த்தி உங்கள் கேட்டைத் திறக்கிறார்.