பதிமூன்றாவது நொடி

விளையாட்டு வீரர்களுக்குப் பிசியோதெரபி செய்வது என் வேலை. என் கணவரின் தங்கை வாலிபால் ஆடுகிறவள். உயரமும் கழுத்தும் பார்த்து வீட்டில் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொக்குக்கு ஒற்றைக்காலில் நிற்கக் கற்றுத்தரும் பிழைப்பு உலகத்திலேயே உனக்குத்தான் வாய்த்தது என்று கணவர் என்னைக் கேலி செய்வார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன வருடம் வரை.

போன வருடம் அவளுக்கு வலது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. வடிந்துவிட்டால் கால் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சுளுக்கிய கால், தான் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் சோம்பேறியாகிவிடும். கண் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை மறைத்துவிடும். ஆட்டத்திலோ கண் பந்தின் மேல் இருக்கும், காலை யார் பார்ப்பது? அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு, மெத்தென்ற ஸ்பாஞ்சுப் பலகை மேல் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்கிறோம். இருபது நொடி நின்றால்தான் ஆடலாம் என்று கையெழுத்துப் போடுவோம்.

கிளினிக்கில் எனக்குக் ‘கறார் அக்கா’ என்று பெயர். பத்தொன்பது நொடி நின்ற ஓட்டக்காரனை அழ அழத் திருப்பி அனுப்பியவள் நான்.

கொக்குக்குக் கடைசிச் சோதனை நடந்த அன்று, அணித் தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது. காலையில் நான் செருப்பு மாட்டும்போது மாமியார் வந்து நின்றார்.

“நான் ஒன்னும் சொல்லலம்மா. ஊருக்கெல்லாம் கறாரா இரு. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நீயே குறுக்க நின்னேன்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாது, அவ்வளவுதான்.”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது. நாத்தனார் மேல் பொறாமை என்று ஒரு சொல் வந்துவிடுமோ என்று பயந்தேன். இதைப் பெரிய காரணமாகச் சொல்லவில்லை. இவ்வளவு சின்னக் காரணத்துக்காகத்தான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிளினிக்கில் கொக்கு பலகை மேல் ஏறினாள். கண்ணை மூடினாள். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். பத்து நொடிக்குப் பிறகு கணுக்கால் வெடவெடத்தது. பதிமூன்றாவது நொடியில் இடது இமை ஒரு நூல் திறந்தது. எதிர்ச் சுவரின் ஸ்விட்சைப் பார்த்தாள், உடம்பு நிமிர்ந்தது, இமை மூடிக்கொண்டது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பூனை நான்.

“இருபது. இறங்கு.”

தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள்.

தேர்வு ஆட்டத்தின் இரண்டாவது செட்டில், வலைக்கு மேல் பந்தைத் தடுத்துவிட்டு வலது காலில் இறங்கினாள். பாதம் ஓரமாக விழுந்து மடங்கியது. முழங்கால் எதிர்ப்பக்கம் திரும்பியது. முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம் ஆட்டம் இல்லை, அந்த வருட அணியும் இல்லை.

அந்த ஒன்பது மாதமும் அவளுக்குச் சிகிச்சை செய்தது நான்தான். வேறு யாரிடமும் போகமாட்டேன் என்றாள். வந்தவர்களிடம் எல்லாம் மாமியார், “விதி, யாரை என்ன சொல்றது? மருமக பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பினா,” என்பார். பார்த்துத்தான் அனுப்பினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் சும்மா; என் நெஞ்சு உள்ளேயே உட்கார்ந்து என்னைத் தின்றது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். முதலில் காயம் ஆறட்டும் என்றேன், பிறகு அவள் நடக்கட்டும் என்றேன். நல்ல சாக்கு கிடைத்தால் நாள் ஓடுவது தெரிவதில்லை.

நேற்று அவளுக்கு மறுபடியும் அதே சோதனை. பலகையைத் தரையில் போட்டேன். அவள் ஏறாமல் நின்றாள்.

“அண்ணி, இதுல ஏர்றதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“அன்னிக்கு நான் முழுசா நிக்கல. நடுவுல கண்ணைத் திறந்துட்டேன். உங்களை ஏமாத்திட்டேன். அதனாலதான் எனக்கு இப்படி ஆச்சு.” அவள் உதடு கோணியது. “என் கால் போனதுகூடப் பரவால்ல அண்ணி. உங்க கையெழுத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேனேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. எல்லாத்தையும் மறைச்சிட்டு உங்ககிட்டயே காலைக் குடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்.”

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“சரி விடு. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்ட. நான் ஒன்னும் நினைக்கல.”

அவள் விம்மி அழுதாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “உங்க மனசு யாருக்கு வரும் அண்ணி?” என்றாள். அவள் கண்ணீர் என் விரலிடுக்கில் இறங்கியது. நான் செய்த தப்புக்கு அவளை மன்னித்து, அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு கேவலமாக என்னை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

கையை உருவிக்கொண்டேன்.

“நான் பார்த்தேன்.”

“என்னது?”

“நீ கண்ணைத் திறந்ததை. பதிமூணாவது செகண்ட்ல. பார்த்துட்டுத்தான் இருபதுன்னு எழுதினேன்.”

அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்தாள்.

“ஏன் அண்ணி?”

“வீட்டுல என்னைத் தப்பா பேசிடுவாங்கன்னு பயந்தேன். வேற காரணம் இல்ல.”

“அப்போ இந்த ஒன்பது மாசமும் உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ தோளுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்த சக பிசியோ கையை நிறுத்திவிட்டார். கொக்கு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். தான் பிடித்திருந்த என் கைகளை ஒருமுறை பார்த்தாள்.

“தெரிஞ்சும் சொல்லாம இருந்ததுகூடப் போகட்டும். இப்போ, இதோ இப்போ, என்னை மன்னிச்சு வேற விட்டீங்களே அண்ணி.”

அவள் என் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைத் தானே கழற்றி, சக பிசியோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“சார், நீங்க நேரம் பாருங்க. நான் கண்ணைத் திறந்தா உடனே சொல்லிடுங்க.”

பலகை மேல் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, வலது காலை ஊன்றினாள். விழுந்தால் பிடிக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

“வேண்டாம்,” என்றாள், திரும்பாமலே. “அங்கயே இருங்க.”