தினம் ஒரு வேளை

சிதம்பரம் மேலவீதியில் இருந்த டாக்டர் எழிலரசியின் கிளினிக்குக்கு 2010இல் கம்ப்யூட்டர் வந்தது அவருடைய கையெழுத்தால்தான். எதிரே மருந்துக்கடை வைத்திருந்த சிங்காரம் சீட்டைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி சாலையைக் கடந்து வருவார். "இது என்னா மாத்திரைம்மா, புரியல" என்பார். ஒருமுறை கேட்காமலேயே வேறொரு மாத்திரையைக் கொடுத்துவிட்டார். நோயாளி விழுங்குவதற்குள் தெரிந்துவிட்டதால் ஆபத்தில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு எழிலரசிக்குத் தன் எழுத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

கம்ப்யூட்டரில் மருந்தின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் போதும். பெயர், அளவு, எத்தனை வேளை என்பதெல்லாம் தானே வந்து நிற்கும். தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். தமிழிலும் அச்சாகும். சிங்காரம் சாலையைக் கடந்து வருவது நின்றுபோனது.

கிள்ளையிலிருந்து மரியலூர்து தன் மனைவி சவரியம்மாளை அழைத்து வந்தது ஆவணி மாதத்தில். மரியலூர்து பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓட்டுபவர். சவரியம்மாளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, மீன் ஆயக்கூட முடியாமல் இருந்தது. இது முடக்குவாதம் என்று சொல்லி, எழிலரசி மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து அது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் போடுங்க, கோயிலுக்குப் போயிட்டு வந்ததும். மறக்காது" என்று வாயால் சொன்னார். மரியலூர்து அப்போது வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே கூட்டம் நெருக்கியது. திரையில் 'தினம் ஒரு வேளை' என்று தானாக வந்து நின்றதை எழிலரசி மாற்றவில்லை. அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மறுநாள் காலை, இட்லி சாப்பிட்டு முடித்த மனைவியிடம் மரியலூர்து மாத்திரையை நீட்டினார்.

"வாரத்துக்கு ஒருக்காதான்னு அந்தம்மா சொன்ன மாரி இருந்துச்சுங்க."

"ஒனக்கு வலியில காதுல என்னா வுழுந்துச்சோ. இங்க பாரு, தினம்னு அச்சடிச்சிருக்கு. வாய்ல சொல்றது மாறும். இது மாறுமா?"

சவரியம்மாள் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு கேட்கவும் இல்லை. தினமும் மரியலூர்துதான் தண்ணீரோடு கொண்டுவந்து நின்றார். ஒரு நாளும் தவறவில்லை.

வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி கூட இறங்காமல், காய்ச்சலோடு அவரை மறுபடி கிளினிக்குக்குத் தூக்கி வந்தபோது எழிலரசி முதலில் அந்தத் தாளைத்தான் கேட்டார். பார்த்ததும் எழுந்துவிட்டார். தன் காரிலேயே புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்த அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. அங்கிருந்து சவரியம்மாள் உயிரோடு திரும்பவில்லை.

சிதம்பரம் வந்ததும் எழிலரசி சிங்காரத்திடம் போய் நின்றார். "தினமும் போடுற மருந்தான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

"முன்னெல்லாம் புரியாம வந்து கேப்பேன்" என்றார் சிங்காரம், தலையைத் தூக்காமல். "இது பளிச்சுனு இருந்துச்சும்மா."

இந்த மருந்துக்குத் 'தினம்' என்று தானாக ஏன் வருகிறது என்று எழிலரசி கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார். "அத நீங்களே மாத்திக்கலாமே மேடம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல், மரியாதையாகவே.

அடக்கம் முடிந்த மறுவாரம் எழிலரசி கிள்ளைக்குப் போனார். மரியலூர்து நாற்காலி போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். கோபத்தின் சாயல்கூட அவரிடம் இல்லை.

"நீங்க செய்ய வேண்டியத செஞ்சீங்க டாக்டரம்மா. மருந்து நல்ல மருந்துதான். அவ ஒடம்பு தாங்கல. நான் ஒரு நாள்கூட வுடாம குடுத்தேன்."

திரும்பிப் போய்விடலாம் என்று எழிலரசிக்குத் தோன்றியது. ஆனால் உட்கார்ந்தே சொன்னார். "மருந்து தப்பில்லீங்க. சீட்டு தப்பு. வாரத்துக்கு ஒருக்காதான் குடுக்கணும். நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மரியலூர்து நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ அவ சொன்னது சரிதானா?"

அந்தப் பேச்சு எழிலரசிக்குத் தெரியாது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். மரியலூர்து வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. டீ வந்து ஆறிப்போனது.

எழிலரசி வக்கீல் நோட்டீசை எதிர்பார்த்தார். வந்தால் எதையும் மறுக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். எதுவும் வரவில்லை. கிளினிக் வழக்கம்போல நடந்தது. நோயாளிகள் வந்தார்கள், வணங்கினார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வணக்கத்தை அவரால் நிமிர்ந்து வாங்க முடியவில்லை.

அடுத்த மழையில் மரியலூர்துக்குக் காய்ச்சல் கண்டது. யார் கூப்பிட்டும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார், ஒரு மாத்திரைகூட வாயில் வைப்பதில்லை என்று கிள்ளையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். எழிலரசி பெட்டியோடு போனார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"போயிடுங்கம்மா" என்றது குரல். "எனக்கு வேணாம்."

எழிலரசி வாசலிலேயே நின்றார். உள்ளே இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.