இடப்பக்க ஜன்னல்

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அவருடைய தங்கை, தையற்கடை வைத்திருக்கும் தங்கை கணவர், பல் டாக்டரான மருமகள். ஐந்தாவதாக யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு கடைத்தெருவில் சொல்லிக்கொண்டவர்கள், அந்த வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம் என்றுகூட அறியாதவர்கள்.

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்ட பலகையின்மேல் ஓர் ஆறு ஓடியது. வார்னிஷ் ஊற்றிய ஆறு. இன்னும் முழுதாகக் காயவில்லை. நடுத்தூண் சரிந்துபோன பாலத்தில் தண்டவாளம் மட்டும் துணி காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. பாலத்துக்கு இப்பால், குன்றை இடப்பக்கம் விட்டு வலப்புறமாக வளையும் பாதை. அந்த வளைவில் உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்பு நீராவி இன்ஜின், அதன் பின்னால் பெட்டிகள். ரயில்வே மன்றத்துக் கண்காட்சிக்காகப் பெரியவர் செய்துகொண்டிருந்தது, தன் அப்பா ரயிலை நிறுத்திய காலைப்பொழுதின் மாதிரியை.

அந்தக் கதை அந்தக் குடும்பத்தின் சொத்து. வெள்ளத்தில் பாலம் போனது யாருக்கும் தெரியாது. டிரைவரான அப்பா தூரத்திலேயே கண்டுகொண்டு பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிறைய ஜனம் பிழைத்தது. ஊரில் வேறொரு பேச்சும் உண்டு. டிரைவர் தூங்கிவிட்டார், பக்கத்தில் கரி அள்ளிய ஃபயர்மேன்தான் எல்லாம் செய்தான் என்று. தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்த வீட்டில் ஒருவர் இதைச் சும்மா விசாரிப்பதுபோலக் கேட்டுவைத்தார். பெரியவர் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது. “அந்த ஆளு வாயத் தொறந்ததாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு” என்பது தையல்காரர் சமயம் வாய்க்கும்போதெல்லாம் எடுத்துவிடும் வேடிக்கை. கண்காட்சியோடு அந்தப் பேச்சின் வாயை அடைத்துவிட வேண்டும் என்பது பெரியவரின் கணக்கு. பலகையின் முன்னால் வைக்க எழுத்துப் பலகைகூடத் தயார்: ‘கண்ணால் கண்டு காத்தவர்.’

குன்று மருமகளின் உபயம். பல் அச்சு எடுக்கும் சுண்ணமாவைக் குழைத்து அவளே பாறை பாறையாக ஏற்றியிருந்தாள். பொம்மைகள் தையல்காரருடையவை. அரிசியைவிடச் சற்றே பெரிய ஆட்களுக்குக் காக்கி பூசி, ஒற்றை நூலில் மீசை ஒட்டியிருந்தார்.

“மச்சான், உங்கப்பா மீசை இன்னும் காயல. பக்கத்துல நின்னு தும்மிடாதீங்க.”

“அப்பாவுக்கு அவ்வளவு பெரிய மீசை இல்ல, மாப்பிள்ள.”

“வீரம் தெரியணும்ல?”

அப்பாவை இன்ஜினின் இடப்பக்க ஜன்னலில், தலையை வெளியே நீட்டிப் பாலத்தைப் பார்க்கிற மாதிரி ஒட்டவேண்டும். வலப்பக்கத்தில் குனிந்து கரி அள்ளுகிற மாதிரி ஃபயர்மேனை ஏற்கெனவே ஒட்டியாயிற்று. பார்வை சரியாகப் பாலத்தில் விழுகிறதா என்று பார்க்க மருமகள் தன் பையிலிருந்து வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை எடுத்து, ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள்.

“மாமா, இங்கேருந்து பாலமே தெரியல.”

“குன்று மறைக்கும். நீதான் அகலமா வச்சுட்டே.”

குன்றைச் சுரண்டினார்கள். தெரியவில்லை. குன்றையே தூக்கி ஓரமாக வைத்தார்கள். அப்போதும் தெரியவில்லை. பெரியவர் கண்ணாடியைத் தானே வாங்கிப் பார்த்தார். கண்ணாடி நிறைய இருந்தது இன்ஜினின் கொதிகலன், நீண்ட கறுப்புப் பீப்பாய். பாதை வலப்புறம் வளைகிறது. இடப்பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தன் இன்ஜினே பாதையை மறைத்துவிடுகிறது. பாலத்துக்கு நேராக வருவதற்குள் பாலம் காலடிக்கு வந்துவிடும்.

இது அவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? பெரியவர் வேலைக்குச் சேர்ந்தபோது வளைவை எடுத்துவிட்டுப் பாதையை நேராக்கி, புதுப் பாலத்தைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அந்த நேர்ப்பாதையில் எத்தனையோ முறை போய்வந்தவர். கதை கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் ஓடிய வண்டியும் நேராகவேதான் ஓடியிருந்தது. பழைய வரைபடத்தைப் பார்த்துத் தன் கையாலேயே தண்டவாளத்தை வளைத்தபோதுகூட இது உறைக்கவில்லை.

கண்ணாடியை வலப்பக்க ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அதில் ஆறு பளபளத்தது. சரிந்த தூண், தொங்கும் தண்டவாளம், எல்லாம் தெரிந்தன.

“அது ஃபயர்மேன் பக்கம்” என்றாள் மருமகள்.

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப ஊர்ல சொன்னதுதான் நெஜமா? அப்பா தூங்கினாரா?”

“அப்படி யாரு சொன்னா?”

“வேற என்னண்ணே அர்த்தம்? பேசாம ஒட்டு. வர்றவங்க பொம்மைக்குக் கண்ணு தெரியுதான்னா சோதிக்கப் போறாங்க?”

பெரியவர் ஒட்டவில்லை. அவருக்குக் கோபத்தைவிட வேறொன்று பெரிதாக எழுந்திருந்தது. சிக்னல் கம்பத்தில் ஒரு போல்ட் ஏன் கழன்றது என்று வேலைக்காலத்தில் அவரை வெயிலில் குத்துக்காலிட்டு உட்காரவைத்த அதே குடைச்சல். பார்த்தது வலப்பக்கம். ஆனால் பிரேக் கைப்பிடி இடப்பக்கம். எட்டாத தூரம் இல்லை என்றாலும், கையில் கரிமண்வெட்டியோடு நிற்கிறவன் பாய்ந்து வந்து பிடிப்பதற்குள் வண்டி ஆற்றில் இருக்கும். வண்டி நின்றிருக்கிறது. அப்படியானால் நடந்தது என்ன?

“மாப்பிள்ள, அந்த நாற்காலிய இங்க போடுங்க.”

பீரோக் கதவைத் திறந்து கொதிகலனாக்கினார். அதன் இடப்பக்கம் தான் உட்கார்ந்தார். ஒட்டடைக்குச்சியைச் சுவரில் சாய்த்து, அதுதான் பிரேக் என்றார். தையல்காரரைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

“நான் எதிர்பாக்காதப்போ ‘பிடி’ன்னு கத்தணும்.”

“இந்த வயசுல ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்ல” என்றாள் தங்கை. ஆனால் நகரவில்லை.

தையல்காரர் தொண்டையைச் செருமினார், சட்டைப் பொத்தானைத் திருகினார், கடையில் ஒருவன் கொடுத்த பொருந்தாத அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சின் நடுவே, “பிடி!” என்று அலறினார். பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பி, கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அப்புறம் குச்சியைப் பிடித்தார்.

“திரும்பிப் பாத்துட்டீங்க மச்சான். எல்லாரும் தண்ணிக்குள்ள.”

மறுபடி செய்தார்கள். மறுபடியும் பார்த்தார். இந்த முறை பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கை குச்சிக்குப் போகும் முன் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. தன் கண்ணால் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று ஆயுசுக்கும் பெருமை பேசிய கழுத்து அது.

“வண்டிக்கு நான் டிக்கெட்டே எடுக்க மாட்டேன்” என்றார் தையல்காரர். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் சிரிக்கவில்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வாயிலிருந்து அந்தக் கதையைக் கேட்டது நினைவுக்கு வந்தது. கதை என்று சொல்வதற்கில்லை. யாராவது துருவினால் “நிறுத்தினேன்” என்பார். அந்த ஒரு சொல்தான். “பாத்தேன்” என்று அவர் சொன்னதே இல்லை. அதைச் சேர்த்தவர்கள் வீட்டில் மற்றவர்கள், ஆளுக்கொரு கை.

“அப்பா திரும்பிப் பாக்கல” என்றார். “எவனோ கத்தினான். என்ன ஏதுன்னு கேக்காம பிடிச்சிருக்கார்.”

“எவனோ இல்ல மாமா. ஃபயர்மேன்” என்றாள் மருமகள்.

“ஆமா. ஃபயர்மேன்.”

தங்கை பலகையைச் சுற்றிவந்து இன்ஜின் அருகே குனிந்தாள். “ஒரு ஆளு சொன்னா நம்புறதெல்லாம் ஒரு பெருமையா? எழுதி வச்சா யாருக்குப் புரியும்?”

“நீ அந்த நாற்காலியில உக்காந்து பாரு.”

அவள் உட்காரவில்லை. ஆனால் குனிந்திருந்த ஃபயர்மேனைச் சாமணத்தால் பெயர்த்தெடுத்துக் கணவரிடம் நீட்டியவள் அவள்தான். “இவரு ஏன் குனிஞ்சிருக்காரு? நிமுத்தி விடுங்க. வாய் தொறந்திருக்கணும்.”

“அரிசி அளவு ஆளுக்கு வாய் தொறக்கணுமா? ஊசியாலதான் குத்தணும்.”

“குத்துங்க.”

வலப்பக்க ஜன்னலில் வாய் திறந்த ஃபயர்மேன். இடப்பக்கத்தில் நேராக எதிரே பார்த்தபடி, எதையும் பார்க்காமல், கையைப் பிரேக்கில் வைத்த அப்பா. குன்றை மறுபடி அதன் இடத்தில் ஏற்றினார்கள். எழுத்துப் பலகையில் அண்ணனும் தங்கையும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அப்பாவின் பெயர்தான் மேலே வரவேண்டும் என்றாள் அவள்; இரண்டு பேருடையதும் பக்கத்தில் பக்கத்தில் என்றார் இவர். முடிவில் இரண்டு பெயர்களும் ஒரே வரியில் வந்தன, ‘பார்த்தவர்’, ‘நிறுத்தியவர்’ என்று. யார் பெயர் முன்னால் என்பதற்காகத் தங்கை சில நாள் பேசாமல் இருந்தது உண்மை.

ஃபயர்மேனின் மகள் மன்றத்துக்கு வந்து சண்டை போட்டதால்தான் பொம்மை இடம் மாறியது, பெரியவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார், அந்தம்மா விம்மி விம்மி அழுதார் என்று ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவர் வந்தது கண்காட்சி திறந்த பிறகு. சண்டை போடவில்லை. அழவுமில்லை. வலப்பக்கமாகப் போய் நின்று, கண்ணை ஜன்னல் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாற்காலி கேட்டார். பெரியவர் கொண்டுவந்து போட்டார்.