கைத்தடிப் பிடியில் ஒரு பெயர்

பெயர் வெட்டும் கடை வைத்திருந்தவருக்கு மாமனாரைக் கண்டால் எப்போதும் கொஞ்சம் உதறல்தான். கல்யாணமான நாளிலிருந்து "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்பதற்கு மேல் மனிதர் வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவர், பார்வை முழுசாகப் போன பிறகு, தன் கறுப்பு அலுமினியக் கைத்தடியை நீட்டி, "பிடியில உங்க அத்தை பேர வெட்டிக் குடுங்க" என்று கேட்டுவிட்டார். அத்தை தவறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மாமனார் தன்னிடம் ஒன்று கேட்டதில் மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை.

வெட்டுவது பெரிய வித்தையில்லை. ஊசி கறுப்புப் பூச்சைக் கிழித்ததும் உள்ளேயிருந்து வெள்ளை உலோகம் பல்லிளிக்கும். அப்படியே விட்டால் கை வேர்வை பட்டுப் பொடி பூத்து, அரித்துக்கொண்டே போகும். அதனால் மேலே நிறமில்லாத லேக்கர் பூச்சு அடிக்க வேண்டும். மருமகன் ஒன்றுக்கு மூன்றாக அடித்தார். மாமனாராச்சே.

பெரியவர் பிடியைத் தடவினார். திருப்பிப் பிடித்து மறுபடி தடவினார்.

"வழுவழுன்னு இருக்கு மாப்பிள்ளை. ரொம்ப சந்தோஷம்."

விரல் மட்டும் நிற்க இடம் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் தன் கணவரைப் பார்த்தாள். லேக்கர் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்கிவிட்டது. கண்ணால் படிக்கிறவர்களுக்கே வெட்டிப் பழகிய மனுஷன், பளபளப்பைத்தான் பார்த்திருக்கிறார். வெட்கத்தோடு கையை நீட்டினார்.

"குடுங்க மாமா, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி."

பூச்சைக் கரைக்கும் தின்னரில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேய்த்து, லேக்கரை முழுக்க எடுத்தார். எழுத்துகளை இன்னும் ஆழமாக வெட்டினார். மெல்லிய தூரிகையால் பள்ளங்களுக்குள் மட்டும் சன்னமாக ஒரு பூச்சு. காயும்வரை மனைவியைக்கூடக் கிட்டே விடவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தானே தடவிப் பார்த்தார்.

இந்த முறை பெரியவரின் விரல் முதல் எழுத்திலேயே நின்றது. மெதுவாகக் கடைசி எழுத்துவரை போய்த் திரும்பி வந்தது.

"தேஞ்சிடுமா மாப்பிள்ளை?"

"நாள்பூரா தொட்டாலும் தேயாது மாமா. உள்ள பூச்சு இருக்கு."

"அவ இருந்தப்ப 'இந்தாம்மா'ன்னே கூப்பிட்டுட்டேன். பேர் சொன்னதே இல்ல. அதான் கேட்டேன்."

விரலை மறுபடி முதல் எழுத்தில் வைத்து, வாய்விட்டு அந்தப் பெயரைச் சொன்னார். அப்பாவின் குரலில் அம்மாவின் பெயரை மகள் கேட்டது அன்றுதான்.